டினியன் குண்டுக் குழிகள்: ஒருநாள் வேன் சுற்றுலா எப்படி இருந்தது?

பசிபிக் கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கும் டினியன் தீவுக்குப் போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம். எங்களைக் கூட்டிப்போன வேன்காரர்களோடு போகலாமா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அந்த இடத்துக்கு.

அதே கடலில் இருக்கும் இன்னொரு அமெரிக்கத் தீவான குவாமில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்கப் போயிருந்தேன். "அக்கா, பீச்சையே எத்தனை நாள் பார்ப்பே? அணுகுண்டை பிளேன்ல ஏத்தின குழி இருக்கு, வா" என்று கிளப்பிவிட்டான். குவாமிலிருந்து டினியனுக்குப் பக்கத்துத் தீவான சைபான், அங்கிருந்து குட்டி விமானத்தில் டினியன். நம் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா இல்லாமல் இந்தத் தீவுகளில் கால் வைக்க முடியாது. குட்டி விமானத்தில் ஆளையும் பையையும் தராசில் ஏற்றி எடை பார்த்துத்தான் இடம் ஒதுக்குகிறார்கள். எடையை உரக்கப் படிக்கவும் செய்கிறார்கள். தம்பி அந்த எண்ணை வீட்டு வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். கடலைத் தாண்டப் பத்துப் பதினைந்து நிமிடம்தான்.

வேன் பழசு. ஏசி முன்சீட்டுக்கு மட்டும் வேலை செய்தது. எங்களோடு வந்த நான்கு கொரிய இளைஞர்கள் குளிக்க உடை, துண்டோடு வந்திருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. வழிகாட்டி இந்தத் தீவுகளின் பூர்வகுடியான சமோரோ இனத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தங்கமான மனிதர். குறையெல்லாம் அவர் கையில் கொடுத்தனுப்பிய நேர அட்டவணையில்தான்.

தீவின் வடிவம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் மாதிரி இருக்கிறதென்று, 1944இல் ஜப்பானிடமிருந்து பிடித்த கையோடு அமெரிக்கர்கள் சாலைகளுக்கும் அந்த ஊர்ப் பெயர்களையே வைத்துவிட்டார்கள். வடக்கே போகும் நேர்ச்சாலை பிராட்வே. இரண்டு பக்கமும் ஆள் நுழைய முடியாத காடு. என்ன மரம் என்று உற்றுப் பார்த்தால் நம் சூபாபுல்! ஆட்டுக்கு ஒடித்துப் போடுவோமே, அதேதான். இங்கே தாங்கன்தாங்கன் என்கிறார்கள். போருக்குப் பிறகு மண் அரிக்காமல் இருக்க விதைத்தது, தீவையே தின்றுவிட்டது என்றார் வழிகாட்டி. இப்போது அமெரிக்க விமானப்படை பழைய ஓடுதளங்களை மறுபடி பயன்படுத்துவதற்காக அந்தக் காட்டை வெட்டிக்கொண்டிருக்கிறது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு ராணுவத்தின் குத்தகையில் இருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் எப்போது மூடியிருக்கும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வடக்கே இருக்கும் போர்க்காலத்து விமானத்தளமான நார்த் ஃபீல்டில் நான்கு ஓடுதளங்கள், ஒவ்வொன்றும் 8,500 அடி. முதலில் ஜப்பானியர்கள் போட்ட சின்ன விமானத்தளம். அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படை பவளப் பாறையை உடைத்துக் கொட்டி அதை விரித்தது. ஏபிள் என்ற ஓடுதளத்தில் வேனை முழு வேகத்தில் விட்டார்கள். கொரியப் பையன்கள் கூச்சல் போட்டார்கள், நானும்தான். ஜப்பானியர் காலத்துக் கான்கிரீட் கட்டடங்களில் ஐந்தைந்து நிமிடம். கூரையைப் பிளந்து வேர் இறங்கியிருக்கிறது, சுவரெல்லாம் ஓட்டை. படம் எடுத்துக்கொள்ளலாம், வேறொன்றும் விளக்கவில்லை.

அப்புறம் குழிகள்.

என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். விமானங்களை நிறுத்திய பெரிய வெட்டவெளியில் செடி வளர்க்கும் பசுமைக்குடில் போல ஒரு தாழ்வான கண்ணாடிக் கூரை. அதற்குக் கீழே சிமென்ட் சுவரோடு ஒரு செவ்வகப் பள்ளம். நடந்து போகிற தூரத்தில் இன்னொன்று. முதல் குழியிலிருந்து ஹிரோஷிமாவுக்கு, அடுத்ததிலிருந்து நாகசாகிக்கு.

எங்கள் அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்தார். வண்டியை மேலே நிறுத்திவிட்டு ஆள் கீழே இறங்கி ஆயில் மாற்ற அங்கே ஒரு குழி உண்டு. ஏழு வயதில் அதில் விழுந்த தழும்பு என் முழங்காலில் இன்னும் இருக்கிறது. கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்ததும் தம்பி மெதுவாகச் சொன்னான்: "நம்ம பட்டறைக் குழிக்கா." எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. தோண்டிய காரணமும் கிட்டத்தட்ட அதுதான். வண்டியின் அடிவயிறு தாழ்வு.

சாதாரணக் குண்டு என்றால் தள்ளுவண்டியில் விமானத்துக்கு அடியில் கொண்டுபோய், மேலே இழுத்து மாட்டிவிடலாம். ஹிரோஷிமாவில் போட்ட லிட்டில் பாய் 3 மீட்டர் நீளம், சுமார் 4,400 கிலோ. நாகசாகியில் போட்ட ஃபேட் மேன் அதைவிடக் கனம், குறுக்களவு மட்டும் ஒன்றரை மீட்டர். இவற்றைச் சுமந்த பி-29 குண்டுவீச்சு விமானத்துக்கு அடியில் இவற்றை நுழைக்க முடியாது. அதனால் தரையைத் தோண்டி அடியில் ஹைட்ராலிக் லிஃப்ட் வைத்தார்கள். குண்டு டிரெய்லரில் வந்து, தண்டவாளத்தில் உருண்டு, குழிக்கு மேல் நிற்கும். லிஃப்ட் ஏறிவந்து அதைத் தாங்கியிருக்கும் தொட்டிலோடு வாங்கிக்கொள்ளும். டிரெய்லரை உருவிவிட்டு, குண்டை 90 டிகிரி திருப்பி உள்ளே இறக்குவார்கள். பிறகு விமானத்தைப் பின்பக்கமாக நகர்த்திக் குழிக்கு மேல் கொண்டுவந்து, லிஃப்டை மறுபடி ஏற்றினால் குண்டு நேராக அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

இதையெல்லாம் காட்டும் பழைய புகைப்படங்களைக் குழிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஆட்கள் குண்டைச் சுற்றி நின்று, சர்வீசுக்கு வந்த வண்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டறைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நிற்கும் தோரணை நன்றாகத் தெரியும். வேலை சரியாக உட்கார்ந்ததா என்பது மட்டும்தான் அந்த முகங்களில்.

முதல் குழியின் கல்வெட்டுப் பலகை துல்லியம். 1945 ஆகஸ்ட் 5 பிற்பகலில் ஏற்றியது, மறுநாள் அதிகாலை 2.45க்கு விமானம் கிளம்பியது, விமானி பால் திபெட்ஸ். எல்லாம் இருக்கிறது. ஹிரோஷிமாவில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு ஈழத்தலரி பூத்து நின்றது. நம் பக்கம் சுடுகாட்டு ஓரத்தில் நிற்கும் மரம்.

பின்னாளில் மண் போட்டு மூடிவிட்ட குழிகளைத் தீவுப் போரின் 60ஆம் ஆண்டு நினைவுக்காக 2004 வாக்கில் திரும்பத் திறந்தார்களாம். கண்ணாடி போட்டது நல்ல யோசனைதான், ஆனால் நாங்கள் போன உச்சி வெயிலில் அதில் என் முகம்தான் தெரிந்தது. உள்பக்கம் ஆவி வேறு படிந்திருந்தது. துப்பட்டாவைத் தலைக்கு மேல் பிடித்து நிழல் உண்டாக்கித்தான் படங்களைப் பார்த்தேன். காலையிலேயே இங்கே வந்திருக்கலாம். இரண்டு குழிக்கும் சேர்த்து இருபது நிமிடம் கொடுத்தார்கள். கடல் நீர் பாறை ஓட்டை வழியாகப் பீய்ச்சும் இடத்துக்கும் பீச்சுக்கும் ஒன்றேகால் மணி நேரம். என் பெரிய புகார் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அணுகுண்டைத் தவிர இங்கிருந்து வேறு குண்டே போகவில்லை என்பது போலத்தான் சுற்றுலா நடக்கிறது. 1945 மார்ச் 9 இரவு டோக்கியோவை எரிக்கக் கிளம்பிய முந்நூற்றுச் சொச்சம் பி-29களில் பல இந்த ஓடுதளங்களிலிருந்து போனவை. அந்த ஒரே இரவில் ஒரு லட்சம் பேர்வரை செத்தார்கள். அந்தத் தீக்குண்டுகளை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். வழிகாட்டி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, அட்டவணையில் இல்லாத ஒரு கிளைச் சாலையில் வண்டியைத் திருப்பினார். பவளக்கல் கொட்டிச் சமன்செய்த ஒரு மேடை, மூன்று பக்கம் மண்கரை, நடுவில் சூபாபுல். "இங்கே அடுக்கி வைத்திருந்தார்கள், இதுபோல நிறைய இருக்கிறது" என்றார். துருப்பிடித்த எதையும் தொடாதீர்கள், வெடிக்காதது இன்னும் கிடக்கும் என்று இரண்டு தடவை சொன்னார். பலகை கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஏழு நிமிடம்தான் நின்றோம். அந்த ஏழு நிமிடத்துக்காக அவருக்குத் தனியாக 20 டாலர் கொடுத்தேன்.

மதியச் சாப்பாடு பொட்டலம்: சிவப்புச் சோறு, சுட்ட கோழி, ஃபினாதெனி. சோயா, எலுமிச்சை, வெங்காயம், இந்த ஊர்க் குட்டி மிளகாய் போட்ட சாறு அது. காந்தாரி மிளகாய் தின்று வளர்ந்தவர்களையும் கண் கலங்க வைக்கும். குறையே சொல்ல முடியாது. குடிதண்ணீர் மட்டும் ஆளுக்கு ஒரு பாட்டில்தான் கொடுத்தார்கள். விமானத்தளத்தில் மர நிழல் கிடையாது, தரை வேறு சூடு கக்கும். கூடவே நீங்களும் எடுத்துப் போங்கள். தொப்பி, மூடிய ஷூ அவசியம்.

குழிகளுக்காகவே போகிறவர்கள் இந்த முழுநாள் வேன் சுற்றுலாவை விட்டுவிடுங்கள். ஓட்டத் தெரிந்தால் தீவில் கார் வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே குழிகளுக்குப் போய்விடலாம். பிராட்வேயில் நேராக வடக்கே போனால் போதும், வழி தவறாது. விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் மட்டும் இவர்களிடம் போங்கள். "குழியில் ஒரு மணி நேரம்" என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போதும் தராசில் ஏற்றினார்கள். ஒரு கிலோ கூடியிருந்தேன். பையில் இரண்டு பாட்டில் மிளகாய் இருந்தது என்று தம்பியிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை.