இறைவெளிப்பாடு குறித்த பன்னிரண்டு பாடங்கள்: ஓர் இணையவழிப் படிப்பின் மதிப்புரை

தேவன் தம்மை மனிதருக்கு எவ்வாறு வெளிப்படுத்துகிறார் என்ற ஒரே பொருளை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு பாடங்களாக நடத்தப்படும் இணையவழிப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். ஒவ்வொரு பாடத்திற்கும் ஏறக்குறைய நாற்பது நிமிட ஒலிப்பதிவு, அதற்குரிய வாசிப்புப் பக்கங்கள், கணினியே திருத்தும் பத்து வினாக்கள், இரண்டு பாடங்களுக்கு ஒருமுறை ஆசிரியர் திருத்தித் தரும் கட்டுரை என்பதே ஏற்பாடு. நடத்துவோரின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறை இப்பொருளில் எழுதப்படும் பல பாடநூல்களிலும் காணக் கிடைப்பதுதான்.

படிப்பு தொடங்கும் இடம் சரியானது. வெளிப்பாடு என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல்லுக்குத் திரையை விலக்குதல் என்பது பொருள் என்றும், ஆகவே இது மனிதன் தேடிக் கண்டடைந்த ஒன்றன்று, மறைந்திருக்கிறவர் தாமாகவே திரையை விலக்கும் செயல் என்றும் முதல் பாடம் நிலைநாட்டுகிறது. அடுத்து, படைப்பின் வழியாகவும் மனச்சாட்சியின் வழியாகவும் எல்லோருக்கும் கிடைக்கும் பொது வெளிப்பாடு வருகிறது. ரோமர் நிருபத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். இந்தப் படிப்பு 19ஆம் சங்கீதத்தின் அருகே அதிக நேரம் நிற்கிறது. வானங்கள் தேவனுடைய மகிமையை அறிவிக்கின்றன என்று தொடங்கும் அந்தப் பாட்டு, அவற்றுக்குப் பேச்சுமில்லை வார்த்தையுமில்லை என்று உடனே சொல்லிவிட்டு, ஏழாம் வசனத்தில் திடீரென்று வேதத்தின் பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் பெயரும் மாறுகிறது: வானத்தைப் பற்றிப் பாடும்போது ‘தேவன்’, வேதத்தைப் பற்றிப் பாடும்போது ‘கர்த்தர்’. வானத்தைப் பார்த்து ஒருவர் இருக்கிறார் என்று அறியலாம், அவருடைய பெயரை அவரே சொன்னால்தான் அறிய முடியும் என்ற பெரிய கோட்பாட்டை இரண்டு சொற்களில் காட்டிய இந்த இடத்தைப் பல ஆண்டுகளாக வாசித்தும் நான் கவனித்ததில்லை.

வேதாகமத்தை மூக்குக்கண்ணாடிக்கு ஒப்பிட்ட, 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் உவமையும், படைப்பை ஒரு நூலாகவும் உயிர்களை அதன் எழுத்துகளாகவும் காட்டும் 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கையும் இதற்குத் துணையாக வருகின்றன. இரண்டும் பொருத்தமானவை, சுருக்கமானவை.

படிப்பின் உச்சம் ஆறாவது பாடம். அது சிறுவன் சாமுவேலையும் எலியாவையும் அடுத்தடுத்து வைக்கிறது. கர்த்தர் கூப்பிடுகிறார், சாமுவேலோ மூன்று முறையும் எழுந்து ஆசாரியனான ஏலியிடம் ஓடுகிறான். கேட்ட குரல் அவனுக்குப் பழக்கமான மனிதக் குரலைப் போலவே இருந்திருக்க வேண்டும் என்பதையும், கண் மங்கிப்போன அந்த முதியவர் சொல்லிக் கொடுத்த பிறகே பையனுக்குப் பதில் சொல்லத் தெரிந்தது என்பதையும், கடைசியில் வந்த செய்தி அந்த ஏலியின் வீட்டுக்கே எதிரானது என்பதையும் விரிவுரையாளர் அவசரமின்றி எடுத்துச் சொல்கிறார். வெளிப்பாடு தனிமனிதனுக்கு வந்தாலும், அதை இன்னதென்று அறிந்துகொள்ள இன்னொருவர் தேவைப்படுகிறார் என்ற கருத்து எந்த வரையறையும் இல்லாமல் நமக்குள் இறங்கிவிடுகிறது.

எலியாவைக் குறித்த கட்டுரையில் நான் சறுக்கினேன். ஓரேபிலே காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லாத கர்த்தர் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் பேசியதை, மனச்சாட்சியின் குரல் என்று எளிதாக விளக்கிவிட்டேன். ஆசிரியர் மதிப்பெண் எதையும் குறைக்கவில்லை. ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எலியா என்ன செய்தார்? வசனத்தைத் திறந்து பார்த்தேன். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகையின் வாசலில் வந்து நிற்கிறார். தன் மனச்சாட்சிக்கு அஞ்சி எவரும் முகத்தை மூடிக்கொள்வதில்லை. இப்படித் திருத்தக்கூடிய ஆசிரியர்களை வைத்திருப்பதே இந்தப் படிப்பின் பெரும் சொத்து.

எட்டாம், ஒன்பதாம் பாடங்கள் சபைகளிடையே உள்ள வேறுபாடுகளுக்கு உரியவை. இங்கே தரம் இறங்குகிறது. படைப்பிலிருந்து பகுத்தறிவின் ஒளியால் கடவுளை உறுதியாக அறிய முடியும் என்று 1870இல் கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்ததும், படைப்பின் வழியே தேவனை அறிய முயலும் இயற்கை வழி இறையியலுக்கு 1934இல் சீர்திருத்த சபை இறையியலாளர் எமில் புருன்னர் ஓரளவு இடம் கொடுக்க முயன்றபோது, அதே மரபின் இறையியலாளர் கார்ல் பார்த் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லையே தலைப்பாக வைத்து மறுத்ததும் இரண்டு கட்டங்கள் கொண்ட அட்டவணைக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஜெர்மனியில் அந்த ஆண்டில் இனத்தையும் தேசத்தையும் தேவனுடைய வெளிப்பாடாகக் காட்டத் துணிந்த ஒரு கூட்டம் சபைக்குள்ளேயே இருந்தது என்பதைச் சொல்லாமல் பார்த்தின் கடுமையை எப்படிப் புரியவைப்பது? தேவனுடைய சாரத்தை எவரும் அறிய முடியாது, அவருடைய செயலாற்றல்களில் பங்குபெற முடியும் என்று 14ஆம் நூற்றாண்டில் கிரகோரி பாலமாஸ் வாதிட்ட கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபுக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. இன்றும் தீர்க்கதரிசனம் உண்டு என்று நம்பும் பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றிய பகுதியோ, மற்றவர்கள் அதை நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கட்டளையைத் தொடாமலேயே முடிந்துவிடுகிறது.

இனி, குறை என்று நான் சொன்னது. ஏழாம் பாடத்தின் வினாக்களில் ஒன்று, தேவன் தம்மை வெளிப்படுத்தும் தலையாய வழி எது என்று கேட்டு, படைப்பு, மனச்சாட்சி, வேதாகமம், கிறிஸ்து என நான்கு விடைகளைத் தந்தது. கிறிஸ்து என்று தெரிவு செய்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது. சரியான விடை வேதாகமமாம். பூர்வகாலங்களில் பங்குபங்காகவும் வகைவகையாகவும் திருவுளம்பற்றின தேவன் கடைசி நாட்களில் குமாரன் மூலமாய்த் திருவுளம்பற்றினார் என்ற எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தை அதே பாடத்தின் ஒலிப்பதிவு இருபது நிமிடம் விளக்கியிருந்தது! கிறிஸ்துவே வெளிப்பாடு முழுவதன் நிறைவு என்பதில் 1965ஆம் ஆண்டின் இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடும் கார்ல் பார்த்தும்கூட ஒரே பக்கம் நிற்பார்கள். வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் அவை யாரைக் குறித்துச் சாட்சி சொல்கின்றனவோ அவரிடத்தில் வர மனதில்லாதவர்களை யோவான் சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசுவே கடிந்துகொள்கிறார். அவரை நாம் அறிவது வேதாகமத்தின் வழியாகத்தான் என்பது உண்மை. ஆனால் சாட்சியையும் சாட்சிக்குரியவரையும் போட்டியாளர்களைப் போல ஒரே வரிசையில் நிறுத்தி ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லும்போதே வினா பழுதாகிவிடுகிறது.

இதை விளக்கி எழுதினேன். மூன்று வாரம் கழித்து, வினாக்கள் தானாகத் திருத்தப்படுவதால் மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. மதிப்பெண்ணை நான் கேட்கவே இல்லை. எட்டாம் பாடத்தை அடுத்த கட்டுரையின் அடியில் என் ஆசிரியரிடம் இதைக் குறிப்பிட்டபோது, அந்த வினாவைத் தாமும் இரண்டு முறை நீக்கச் சொல்லியிருப்பதாக எழுதினார்.

வேதாகமத்தை ஓரளவு வாசித்துப் பழகியவர்கள் இதில் தயங்காமல் சேரலாம். கட்டுரைத் திருத்தம் இல்லாத எளிய திட்டமும் இருக்கிறது, அதைத் தெரிவு செய்யாதீர்கள். ஆறாம் பாடத்தை இரண்டு முறை கேளுங்கள், ஒன்பதாம் பாடத்தின் அட்டவணையைக் கடந்து செல்லுங்கள். ஏழாம் பாடத்தின் அந்த வினாவுக்கு என்ன விடை தருவது என்பது உங்கள் விருப்பம். நான் சென்ற வாரம் மறுபடியும் கிறிஸ்து என்றே அழுத்தினேன், மறுபடியும் சிவப்பு.