வாயு மாறிலி: 8.314 மட்டும் போதுமா, 0.0821, 10.73 எல்லாம் வேண்டுமா?

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT) அழுத்தம் (P), கனஅளவு (V), மோல் (n), வெப்பநிலை (T) நான்கும் கணக்குக்குக் கணக்கு மாறும். மாறாதது வாயு மாறிலி (R) ஒன்றுதான். அதுவும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு எண்ணாக நிற்கிறது: 8.314, 0.0821, 0.083, 62.36, 1.987, 10.73. எல்லாம் ஒரே அளவுதான், அலகுதான் வேறு. கணக்கில் இறங்கும்போது கொடுத்த தரவை மாற்றுவதா, மாறிலியை மாற்றுவதா என்பதே கேள்வி.

ஒரே கணக்கை 8.314, 0.0821, 10.73 என்ற மூன்று வழியிலும் போட்டுப் பார்க்கலாம். கார் டயரில் 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) காற்று, உள்ளே 30 லிட்டர் இடம், வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். எத்தனை மோல் காற்று இருக்கிறது?

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்று உண்டு. பெட்ரோல் பங்கில் மீட்டர் காட்டும் 32, வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டுமே. அதோடு வளிமண்டலத்தின் 14.7-ஐக் கூட்டி 46.7 என்று எடுக்க வேண்டும். இதை விட்டால் விடை 31 சதவீதம் குறைந்துவிடும். அலகை எவ்வளவு சுத்தமாக மாற்றினாலும் அந்தப் பிழை போகாது.

எஸ்ஐ (சர்வதேச அலகு முறை) வழி: 1 பிஎஸ்ஐ = 6.8948 கிலோபாஸ்கல். 46.7-ஐப் பெருக்கினால் 322 கிலோபாஸ்கல். வெப்பநிலை 303.15 கெல்வின். 322 × 30 ÷ (8.314 × 303.15) = 3.83 மோல். லிட்டரைக் கனமீட்டராக மாற்றவே இல்லை என்பதைக் கவனியுங்கள். லிட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமீட்டர், கிலோபாஸ்கல் ஆயிரம் பாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் ஆயிரமும் ஆயிரமும் அடிபட்டு, நேரே ஜூல் வந்துவிடும்; 8.314-உம் ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்ற எண்தான். இது தெரியாமல்தான் பலர் 8.314 என்றாலே பத்தின் அடுக்குகளுக்குப் பயந்து 0.0821-க்கு ஓடுகிறார்கள்.

லிட்டர்-அட்மாஸ்பியர் வழி: 46.7 ÷ 14.696 = 3.178 அட்மாஸ்பியர். 3.178 × 30 ÷ (0.08206 × 303.15) = 3.83. அழுத்தம் அட்மாஸ்பியரிலேயே கொடுக்கப்பட்டிருந்தால் இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆபத்து, பக்கத்தில் நிற்கும் 0.083-இல் இருக்கிறது. அது பார் என்ற இன்னோர் அழுத்த அலகுக்கு உரியது, துல்லியமாக 0.083145. 1 அட்மாஸ்பியர் 1.01325 பார் என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டால் 1.3 சதவீதம் பிசகும். விடை பார்வைக்குச் சரியாகவே இருக்கும், அதனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 0 டிகிரியில் ஒரு மோலின் கனஅளவு ஓரிடத்தில் 22.4 என்றும் இன்னோரிடத்தில் 22.7 லிட்டர் என்றும் இருப்பதும் இதே அட்மாஸ்பியர், பார் வித்தியாசம்தான்.

அமெரிக்கப் பொறியியல் வழி: 30 லிட்டர் = 1.0594 கனஅடி. 30 டிகிரி செல்சியஸ் = 86 டிகிரி ஃபாரன்ஹீட் = 545.67 ராங்கின் (தனிச்சுழியிலிருந்து ஃபாரன்ஹீட் டிகிரியில் எண்ணும் அளவு). 46.7 × 1.0594 ÷ (10.73 × 545.67) = 0.00845 பவுண்டு-மோல். 453.59-ஆல் பெருக்கினால் மறுபடியும் 3.83.

இந்த 10.73 எங்கிருந்து வருகிறது? 8.31446-ஐ 453.592-ஆல் பெருக்க வேண்டும். ஒரு பவுண்டு-மோலில் அத்தனை மோல். 3771.37 கிடைக்கும். ஒரு பிஎஸ்ஐ-கனஅடி 195.238 ஜூல் என்பதால் அதனால் வகுத்தால் 19.317. கடைசியாக, ஒரு கெல்வின் 1.8 ராங்கின் என்பதால், 1.8-ஆல் வகுத்தால் 10.73. இந்தக் கடைசிப் படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். மாறிலியில் உள்ளது ‘ஒரு டிகிரிக்கு இவ்வளவு’ என்ற கணக்கு, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை அல்ல. அதனால் 1.8 மட்டும்தான்; செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்கும்போது கூட்டும் 32-க்கு அங்கே இடமே இல்லை. பவுண்டு-மோலை மறந்தால் விடை 453 மடங்கு தப்பும், அது உடனே கண்ணில் படும். 1.8-ஐ மறந்தால் அவ்வளவு எளிதில் தெரியாது.

என் தீர்ப்பு 8.314-க்குத்தான். வாயுக் கணக்கு அழுத்தத்தோடு நிற்பதில்லை. வாயு மூலக்கூறுகளின் சராசரி இருமடிமூல வேகம் (√(3RT/M), M மோலார் நிறை), வேதிவினையின் சமநிலை மாறிலி, மின்கல மின்னழுத்தத்துக்கான நெர்ன்ஸ்ட் சமன்பாடு எல்லாவற்றிலும் மாறிலி ஆற்றலின் அலகில் வர வேண்டும். 300 கெல்வினில் ஆக்சிஜனின் இந்த இருமடிமூல வேகத்துக்கு 8.314-ஐயும் மோலார் நிறையாக 0.032 கிலோகிராமையும் போட்டால் நொடிக்கு 484 மீட்டர். நிறையை 32 என்று கிராமிலேயே விட்டால் 15.3 மீட்டர், சைக்கிள் பந்தய வேகம். 0.0821-ஐப் போட்டால் வரும் 48, மீட்டரே இல்லை. ஆனால் தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாமல், அட்மாஸ்பியரில் கேட்ட கேள்விக்கு 0.0821-ஐ எடுப்பதில் தவறே இல்லை. கையேடு முழுக்க பிஎஸ்ஐயும் ராங்கினுமாக இருந்தால் 10.73-உம் அப்படித்தான்.

கலோரியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வேதியியல் கலோரி 4.184 ஜூல், அதன்படி 1.987. நீராவி அட்டவணைகளின் கலோரி 4.1868 ஜூல், அதன்படி 1.986. இரண்டும் அச்சுப்பிழை அல்ல.

எத்தனை இலக்கம் எடுப்பது? 2019 மே 20 முதல் போல்ட்ஸ்மான் மாறிலியும் அவகாட்ரோ எண்ணும் வரையறையாலேயே நிலையானவை. அவற்றின் பெருக்கலான வாயு மாறிலிக்கும் இப்போது பிழை வரம்பு கிடையாது: 8.31446261815324. நான்கு இலக்கம் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஒரு விதிவிலக்கு, உயரத்துக்கு ஏற்பக் காற்றின் அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைத் தரும் 1976-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர வளிமண்டல அட்டவணை. அது 8.31432 என்ற பழைய மதிப்பில் கணக்கிடப்பட்டது. அதோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டுமானால் அந்தப் பழைய எண்ணையே போட வேண்டும்.