கேம் ஷாஃப்டை மாற்றாமலே 18,500 ரூபாய்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

18,500 ரூபாய்! என் 1998 மாடல் மாருதி 800-க்குப் புதிய கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட சுழல்தண்டு), ஆறு ராக்கர் ஆர்ம் (அந்த மேடு தள்ள, வால்வை அமுக்கும் நெம்புகோல்), கூலி என்று கணக்குச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். நேற்று வேறொரு மெக்கானிக் இன்ஜினின் மேல் கவரைத் திறந்தார். உள்ளே கிடப்பது அதே பழைய கேம் ஷாஃப்ட். வயிறு எரிகிறது.

டாப்பெட் சத்தம் (வால்வுப் பக்கத்து டக் டக் ஒலி) அடங்கவில்லை, மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்றுதான் அந்தப் பட்டறைக்குப் போனேன். புறவழிச்சாலையில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற பெரிய பட்டறை. ஃபோர்மேன் கவரைக் கழற்றி, என் விரலைப் பிடித்து மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கேம்மீது, அதாவது புகை வெளியேறும் வால்வைத் திறக்கும் மேட்டின்மீது வைத்தார். "நகத்தை ஓட்டிப் பாருங்கள் சார்." அந்த மேட்டின் உச்சியான மூக்கில் அம்மைத் தழும்புபோலக் குழிகள், ஓரத்தில் நகம் தடுக்கியது. "ராக்கர் ஆர்முக்கும் வால்வுக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளியைக் கேமின் தேயாத வட்டப் பக்கத்தில்தான் வைக்கிறோம். மூக்கு தேய்ந்தால் வால்வு திறக்கும் உயரமே குறைந்துவிடும். எத்தனை முறை திருகினாலும் இழுவை வராது" என்றார். சொன்னது முழு உண்மை. இவ்வளவு பொறுமையாக விளக்குகிறவர் ஏமாற்றுவார் என்று யார் நினைப்பார்கள்? பணத்தை அங்கேயே அனுப்பினேன்.

வண்டி திரும்பி வந்தபோதும் அதே சத்தம். "புது கேம் சார், ஓடி ஓடித்தான் படியும்" என்றார்கள். பிறகு, "ஓனர் வெளியூரில் இருக்கிறார்." பழைய சாமானைக் கேட்டால், "இரும்புக் கடைக்குப் போய்விட்டது." பில் கேட்டதும் தொலைபேசியையே எடுக்கவில்லை.

முதல் நாள் நான் கைப்பேசியில் எடுத்த படத்தை நேற்று பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே இடத்தில் அதே குழிகள், எமரித் தாளால் தேய்த்த கோடுகள் மட்டும் புதிது. மைக்ரோமீட்டரில் அடியிலிருந்து மூக்கு வரை அளந்தால், மற்ற இரண்டு எக்ஸாஸ்ட் கேம்களைவிட இது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குட்டை. புதியதில் மூன்றும் ஒரே உயரம் இருக்க வேண்டாமா? எமரித் தாளுக்கா 18,500 ரூபாய்?

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. கழற்றுமுன் படம் எடுங்கள். பழைய உதிரிபாகத்தைக் கையோடு வாங்குங்கள். ராக்கர் ஆர்ம்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டின் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் எண்ணெய் போகாமல் புதிய கேமும் தேயும். சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயிலை ஊற்ற விடாதீர்கள். கவரை மூடுமுன் அருகில் நின்று பாருங்கள், பணம் அதற்கப்புறம்.

பணம் அனுப்பிய ரசீதும் இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.