மூக்கில் ரத்தம், கையில் ஒப்பந்தம்: மேக்ஸ்வெல் லார்டை நீண்டநாள் வில்லனாக ஓட்டினால்

மேசையில் ஆடும் ரோல்பிளே ஆட்டத்தில் சண்டைக்கு இறக்கும் வில்லன் என்று பார்த்தால் டிசி காமிக்ஸின் மேக்ஸ்வெல் லார்டுக்குப் பத்துக்கு மூன்று கொடுப்பதே அதிகம். அடி தாங்கமாட்டான், பறக்கமாட்டான், கோட் சூட் போட்ட ஆள். ஆனால் ஹீரோக்களுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளியாக ஒரு முழு கேம்பெயினுக்கும் (மாதக்கணக்கில் தொடரும் ஆட்டக்கதை) வைத்துப் பாருங்கள், கதையே மாறிவிடும். கீழே சொல்வதெல்லாம் மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற, 20 முகப் பகடையில் ஆடும் சூப்பர்ஹீரோ ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பு, பவர் லெவல் (பாத்திரங்களின் பல அளவு) 10 கணக்கு. 2010இல் வந்த, டிசி காமிக்ஸ் உலகத்துக்கான டிசி அட்வென்ச்சர்ஸ் ஆட்டத்துக்கும் இதே விதிகள்தான்.

1987இல் ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோ அணியின் காமிக்ஸில் அறிமுகமானபோது அவனிடம் எந்த சக்தியும் இல்லை. பணமும் பேச்சும் வைத்தே அணியைத் தன் கைக்குள் கொண்டுவந்தான். மனதை வளைக்கும் 'புஷ்' பின்னால்தான் வந்தது, அதுவும் ஒவ்வொரு முறையும் மூக்கில் ரத்தம் கொட்டவைத்து. மேசையிலும் இதே வரிசையில் போவது நல்லது. முதல் செஷனிலேயே (ஆட்ட நாளிலேயே) மைண்ட் கன்ட்ரோலை எடுத்துவிடும் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்), சீட்டாட்டத்தில் துருப்பை முதல் கையிலேயே இறக்குகிறவர் மாதிரி.

பெரிய சிக்கல் விதிப்புத்தகத்தின் ரெடிமேட் மைண்ட் கன்ட்ரோலில்தான் இருக்கிறது. பெர்செப்ஷன் ரேஞ்ச் (பார்வைக்கு எட்டும் தூரம்) அஃப்ளிக்ஷன் (ஆளைப் படிப்படியாக முடக்கும் பவர்), கூடவே க்யூமுலேட்டிவ் (டிகிரிகள், அதாவது பாதிப்பின் படிகள், ஒன்றன்மேல் ஒன்று கூடும்), ஒரு ரேங்குக்கு (பவரின் பல அளவு) 4 பாயின்ட். ரேங்க் 10 என்றால் வில் (மனவலிமை) செக்குக்கு டிசி 20, அதாவது பகடையும் வில்லும் கூட்டி 20ஐ எட்டவேண்டும். அட்டாக் ரோலே கிடையாது, கண்ணில் பட்டால் போதும். வில் +8 உள்ள ஹீரோ 12 போட்டால் தப்பிக்கிறார். 1 அல்லது 2 விழுந்தால்தான் மூன்றாம் டிகிரி, அதாவது முழுக்கட்டுப்பாடு. இது பரவாயில்லை. ஆனால் ஃபோர்டிட்யூடில் (உடல் தாங்கும் திறன்) எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வில் +4 உடன் வரும் முரட்டு ஹீரோ எல்லா அணியிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு 1 முதல் 6 வரை எது விழுந்தாலும் மூன்றாம் டிகிரி. தப்பித்தவறி இரண்டாம் டிகிரியில் நின்றாலும் அடுத்த புஷ்ஷில் தோற்றால் க்யூமுலேட்டிவ் மிச்சத்தைக் கூட்டி முடித்துவிடும். மூன்றாம் டிகிரியிலிருந்து மீள, வெளியிலிருந்து உதவி வராவிட்டால் ஒரு நிமிடம் ஆகும். ஒரு ரவுண்டு 6 விநாடி, ஆக 10 ரவுண்டு. அதற்குள் சண்டையே முடிந்திருக்கும். அந்த ஆட்டக்காரர் போனை நோண்டிக்கொண்டிருப்பார்.

அதனால் பவரை இப்படி மாற்றிக் கட்டினால் பல மாதம் தாங்கும். க்யூமுலேட்டிவை எடுத்துவிடுங்கள். லிமிட்டெட் டிகிரி சேர்த்து இரண்டாம் டிகிரியோடு நிறுத்துங்கள். டயரிங் (பவரைப் பயன்படுத்துபவனையே களைக்கவைக்கும் குறை) சேருங்கள். ரேங்குக்கு 1 பாயின்ட்தான் வரும். ரேங்க் 10க்கு 10, மேலே சட்டில் (பவர் வெளியே தெரியாது) 2, இன்சிடியஸ் (பட்டவருக்கே தெரியாது) 1, மொத்தம் 13. இரண்டாம் டிகிரியான கம்பெல்டில் (வற்புறுத்தப்பட்ட நிலை) ஆட்டக்காரருக்கு ஒரு ஸ்டாண்டர்ட் ஆக்ஷன் மிஞ்சும். அதை லார்ட் தீர்மானிக்கிறான், ஆனால் பகடையை உருட்டுவது ஆட்டக்காரர்தான். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் புது செக் உண்டு. ஆளை மேசையிலிருந்து எழுப்பி அனுப்பியது போல ஆகாது. காவலாட்கள் மாதிரி மினியன்கள் தோற்றாலே உச்ச டிகிரி என்பதால் அவர்கள் உடனே கம்பெல்ட் ஆகிவிடுவார்கள். துப்பாக்கியைத் திருப்ப ஒரு ஆக்ஷன் போதுமே.

டயரிங்தான் இந்தக் கட்டமைப்பின் உயிர். முதல் புஷ்ஷில் ஃபட்டீக்ட் (களைப்பு), இரண்டாவதில் எக்ஸாஸ்டட் (முழுச் சோர்வு), மூன்றாவதில் ஆள் விழுந்துவிடுவான். மூக்கு ரத்தத்தை இதோடு கட்டுங்கள்: முதலில் கைக்குட்டையில் ஒரு சொட்டு, அடுத்து சட்டைக் காலர் சிவப்பு. ஆட்டக்காரர்கள் எண்ண ஆரம்பிப்பார்கள். மூன்றாவதைத் தாண்டியும் அவன் நிற்கவேண்டும் என்று ஜிஎம் நினைத்தால், மேசையில் எல்லோருக்கும் ஒரு ஹீரோ பாயின்ட் (பிறகு செலவழிக்கும் சலுகைப் புள்ளி) கொடுத்துவிட்டு அவனை நிற்கவையுங்கள். இலவசமாகச் செய்தால் கோபம் வரும், நியாயமான கோபம்.

துப்பு விஷயத்தில் ஒரு கணக்கு அழகாக அமைகிறது. லார்டின் டிசெப்ஷன் (ஏமாற்றும் திறமை) +15 என்று வையுங்கள். ரொட்டீனாக (பகடை உருட்டாமல் 10 என்று) எடுத்தால் 25. இன்சைட் (ஆளைப் படிக்கும் திறமை) +8 உள்ளவர் அவன் பொய்யைப் பிடிக்க 17 போடவேண்டும். ஆனால் வேறொருவர் மன ஆதிக்கத்தில் நடக்கிறார் என்று கண்டுபிடிக்க டிசி 20 தான், 12 போதும். உண்மை அவன் முகத்திலிருந்து வராது, அவனால் வளைக்கப்பட்டவர்களிடமிருந்து வரும். விசாரணைக் காட்சிகளை அந்தப் பக்கம் வையுங்கள்: ஏன் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாமல் விழிக்கும் கவுன்சிலர், லிஃப்டில் நின்று அழும் கணக்காளர்.

மீதி நாட்களில் பணம்தான் ஆயுதம். பெனிஃபிட் (வெல்த்) 5, அதாவது பெரும் செல்வம், கூடவே கனெக்டட், கான்டாக்ட்ஸ் என்ற செல்வாக்குச் சலுகைகள் கொடுங்கள். தலைமையகக் கட்டடம் அவன் பெயரில், கம்யூனிகேட்டர் அவன் சர்வரில், வழக்கறிஞர் அவன் ஆள். செஷனுக்கு ஒரு உதவி, ஒரு கையெழுத்து, அதற்குமேல் வேண்டாம். அந்தக் காகிதங்களை நிஜமாகவே அரைப்பக்கம் அச்சடித்து மேசையில் வையுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், கண்டிப்பாக.

2005இல் வந்த ஒண்டர் உமன் 219ஆம் இதழின் முடிச்சை அப்படியே இறக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சூப்பர்மேன் லார்டின் பிடியில். ஒண்டர் உமன் அவனை உண்மை பேசவைக்கும் லாஸோவில் (சுருக்குக்கயிறு) கட்டிக் கேட்டால், தன்னைக் கொன்றால்தான் நிற்கும் என்கிறான். அவள் அவன் கழுத்தை முறிக்கிறாள். இதழில் அது இடி. மேசையிலோ இரண்டு மணிநேரத் தர்க்கச் சண்டை, பிறகு இரண்டு பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். கொல்லாத வழி ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். பெர்செப்ஷன் ரேஞ்ச் என்றால் இலக்கை அவன் கண்ணால் பார்த்தாகவேண்டும். அடர்ந்த புகை, இருட்டு, கண்கட்டு எதுவும் தடுக்கும். பிடியில் சிக்கும் பெரிய ஆள் ஆட்டக்காரரின் ஹீரோவாக இல்லாமல் அவர்கள் மதிக்கும் ஒரு என்பிசியாக (ஜிஎம் ஓட்டும் பாத்திரம்) இருப்பது இன்னும் நல்லது. மனக்கட்டுப்பாடு யாருக்கு ஒத்துவராது என்பதை செஷன் சீரோவிலேயே (ஆட்டம் தொடங்குமுன் கூடிப் பேசும் நாள்) கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் சீசனுக்கு 2010இல் காமிக்ஸில் வந்த யோசனை ஒன்று கைகொடுக்கும்: உலகமே அவனை மறந்துவிடுகிறது, நாலைந்து பேரைத் தவிர. மேசையில் இதைச் செய்யும்போது மனிதர்களின் நினைவை மட்டும் அழியுங்கள். முதல் சீசனில் அச்சடித்த காகிதங்கள் அந்த ஃபைலிலேயே இருக்கட்டும், கீழே அவன் கையெழுத்தோடு.