நொய்யல் கரையின் கரடுகளை வரைந்த ஆறு வருடம்: என் அனுபவம்

சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே நொய்யல் ஓடுகிற பள்ளத்தாக்கை ஆறு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். எந்தக் கரட்டில் இறங்குகிற மழைத்தண்ணீர் எந்தப் பள்ளம் வழியாக ஆற்றுக்குப் போகிறது (சிறு குன்றை நாங்கள் கரடு என்போம், ஓடையைப் பள்ளம் என்போம்) என்பதை ஊர்க்காரர்கள் ஒரு படத்தில் பார்க்க வேண்டும். அதற்காகத்தான்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 டோப்போ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) தொடங்கினேன். ஷீட்டில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ.; 20 மீட்டருக்கு ஒரு உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிற கோடு. சிவன்மலை அதில் நெருக்கமான கோடுகளாக அருமையாக எழுந்து நிற்கிறது. ஆனால் 15 மீட்டர் கரடு இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போகலாம். எங்கள் ஊர்க் கரடு அப்படித்தான் போனது.

பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து பயன்படுத்துபவர்கள் கவனிக்க: பூமியின் வடிவத்தை வைத்து இடத்தைக் குறிக்க அது பயன்படுத்துவது எவரெஸ்ட் என்கிற பழைய கணக்கு, செல்போன் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்கிற வேறு கணக்கு. மாற்றாமல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும்.

அப்புறம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரில் எடுத்த உயரத் தரவைக் கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில் போட்டேன். பள்ளத்தாக்கின் மொத்தச் சாய்வு அழகாக வந்தது. சிக்கல் தென்னந்தோப்பில். ரேடார் மண்ணுக்கு வருமுன் மட்டைகளிலேயே பட்டுத் திரும்புவதால் தோப்பெல்லாம் மேடாகத் தெரிகிறது. மென்பொருளும் தண்ணீர் தோப்பைச் சுற்றிப் போவதாகக் கோடு போட்டுவிட்டது. அதை நம்பி அச்செடுத்து ஊரில் காட்டினேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் படத்தில் விரலை வைத்து, "ஏந்தம்பி, தண்ணி தோப்புக்குள்ளார பூந்துதானுங்க போகுது" என்றார். மறுநாள் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு மண் அரித்துக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப்பை வாங்கினோம். இரண்டு முனையிலும் அளவுகோலைக் கட்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டி வெளியேற்றி, கிளுவை வேலி ஓரமாகப் பத்துப் பத்து மீட்டராக நகர்ந்தோம். சரிவு கூடின இடத்தில் மூன்று மீட்டருக்கு ஒரு அளவு. செல்போன் காட்டுகிற உயரம் பல மீட்டர் தவறும். டியூப்பில் விரற்கடை வித்தியாசமும் தெரிந்தது. கரட்டின் மேற்குச் சரிவை முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது. காணாமல் போன கரடு இப்போது ஒரு மீட்டர் கோடுகளோடு படத்தில் இருக்கிறது.

கிழக்குச் சரிவு பாக்கி. ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். பெரியவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.