கெட்டிலா? மூடியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

கெட்டில் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, எந்த கெட்டிலாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம்தான் ஆகும். வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 1500 வாட் என்றால் நாலு நிமிடம், 2000 வாட் என்றால் மூன்று நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். வாட் கூடினால் கரண்ட் பில் எகிறுமே என்று பயப்பட வேண்டாம். சீக்கிரம் கொதித்துச் சீக்கிரம் அணைந்துவிடும். பார்க்க வேண்டியது பிளக் பாயிண்டைத்தான். 230 வோல்ட்டில் 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அடுப்படியில் இருப்பது 6 ஆம்பியர் சின்ன பாயிண்ட் என்றால் அதில் செருகாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

சரி, இப்போது என் கெட்டிலுக்கு வருகிறேன். ஒன்றரை லிட்டர், எவர்சில்வர், 1500 வாட், ஒற்றைச் சுவர். கம்பெனிப் பெயரை எழுதவில்லை. பாராட்டும் இருக்கிறது, புகாரும் இருக்கிறது. வீட்டில் இதை அதிகம் தொடுவது நான் இல்லை, அப்பா. அவருக்கு விரல் மூட்டுகளில் வலி. அதனால் கடையில் நான் பார்த்தது விளக்கையும் பளபளப்பையும் இல்லை. கைப்பிடி, மூடி, சுவிட்ச், இந்த மூன்றைத்தான்.

மூடியில்தான் எல்லாமே இருக்கிறது என்பது என் கட்சி. கெட்டிலைத் திறந்து, உள்ளே கைப்பிடிப் பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே பாருங்கள். சின்னதாக ஒரு துளையோ கீறலோ தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது ஆவி அதற்குள் புகுந்து, ஒரு குழாய் வழியாகப் போய், சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன உலோகத் தகட்டைச் சுடும். இரண்டு விதமான உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு அது. சூட்டில் ஒன்று அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். அதனால் தகடு சட்டென்று வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். நமக்குக் கேட்கிற ‘டக்’ அதுதான். சாதாரண கெட்டில் தண்ணீரின் சூட்டை அளந்து அணைவதில்லை, ஆவி வந்து தட்டியதும் அணைகிறது.

அதனால்தான் மூடி சரியாக மூடாவிட்டால் ஆவி எல்லாம் மேலே போய்விடும், கெட்டில் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த கண்ணாடி கெட்டிலில் இதே தொல்லைதான். அதன் மூடியை அழுத்தினால் மூடியது போலவே இருக்கும், ஆனால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்பா சுவிட்சைப் போட்டுவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார்; கண்ணாடி ஜன்னல் முழுக்க வேர்த்த பிறகுதான் யாராவது ஓடுவோம். புதியது அப்படி இல்லை. மூடியை அழுத்தினால் பூட்டிக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்கிறது. கடையில் நாலைந்து தடவை மூடித் திறந்து பாருங்கள், காது சொல்லிவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

திறப்பதில்தான் வம்பு. கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் இதன் மூடி மெதுவாக எழுவதில்லை, விசுக்கென்று துள்ளுகிறது. கொதித்த உடனே திறந்தால் மூடியின் அடியில் நிற்கும் சுடுநீர்த் துளிகள் கையில் தெறிக்கின்றன. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வாக இருந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். வாய் அகலமாக இருப்பதற்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் போடலாம்; என் கை முழுசாக உள்ளே போகிறது. குறுகிய வாய் கெட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள், அடியைத் துடைக்க வழியே இருக்காது.

அடியைத் துடைப்பது எங்களுக்குப் பெரிய வேலை, தண்ணீர் அவ்வளவு கடினம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் கொதிக்கும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறி அடியில் வெள்ளையாகப் படிகிறது. எவர்சில்வர் நாரைப் போட்டுத் தேய்க்கவே கூடாது, கீறலில் இன்னும் இறுகப் பிடிக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்க வைத்து அரை மணி நேரம் விட்டால், நுரைத்துக்கொண்டே தானாகக் கழன்று வரும். வினிகரும் வேலை செய்யும், வீடு முழுக்க வாடைதான் மிச்சம். மூக்கில் இருக்கும் வலையை ஃபில்டர் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். உதிர்ந்த வெள்ளைச் செதில் கோப்பையில் விழாமல் தடுக்கும், அதற்கு மேல் எதையும் வடிகட்டாது.

கெட்டிலை வைத்து எடுக்கும், ஒயர் சேர்ந்திருக்கும் அடித்தட்டைப் பொறுத்தவரை, கெட்டிலை எந்தத் திசையில் வைத்தாலும் உட்காருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அப்பா வலது கை வலிக்கிற நாளில் இடது கையால் எடுப்பார். கைப்பிடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி வைக்க முடிவது அவருக்குப் பெரிய உதவி. கெட்டிலும் அடித்தட்டும் சேருகிற இந்த இணைப்பையும் சுவிட்சையும் பல கெட்டில் கம்பெனிகள் தாங்களே செய்வதில்லை. ஐல் ஆஃப் மேன் தீவில் இருக்கும் ஸ்ட்ரிக்ஸ் மாதிரியான நிறுவனங்களிடம்தான் வாங்கிப் பொருத்துகிறார்கள். மேலே எந்தப் பெயர் இருக்கிறது என்பதைவிட உள்ளே யாருடைய கன்ட்ரோல் இருக்கிறது என்று கேட்பது நல்லது. தண்ணீர் இல்லாமல் போட்டுவிட்டால் அணைப்பதற்கு அடியில் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. இருக்கிறதே என்று அடிக்கடி அதைச் சோதிக்க வேண்டாம்.

எடை விஷயத்தில் எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதமே நடந்தது. வெளிப்பக்கம் சுடாத இரட்டைச் சுவர் கெட்டில்தான் வாங்க வேண்டும் என்றாள். குழந்தைகள் ஓடியாடும் வீடு அவளுடையது. அங்கே அதுதான் சரி. ஆனால் அதே கொள்ளளவுக்கு அது கனம் அதிகம். ஒன்றரை லிட்டர் தண்ணீரே ஒன்றரை கிலோ, கெட்டிலும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். வலிக்கிற விரல்களோடு கொதிநீரைச் சாய்த்து ஊற்றுகிறவருக்கு நூறு கிராம்கூடக் கணக்குதான். அதனால் ஒற்றைச் சுவர் எடுத்தேன், கைப்பிடிக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் தாராளமாகப் போகிற இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து. அப்பாவுக்கு அரை லிட்டருக்கு மேல் வைப்பதில்லை.

இதில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று, அளவுக் கோடு உள்ளே மட்டும் இருப்பது. எட்டிப் பார்த்தால் ஆவியில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மங்கிவிடுகிறது, அவர் ஊகத்தில்தான் ஊற்றுகிறார். அதிகபட்சக் கோட்டைத் தாண்டினால் மூக்கு வழியாகக் கொதிநீர் துப்பும். பக்கத்தில் கண்ணாடிப் பட்டை வைத்த மாடல்களும் இருந்தன. பட்டை ஒட்டியிருக்கும் இடம் நாளடைவில் கசியும் என்று எனக்கு ஒரு சந்தேகம், விட்டுவிட்டேன்.

சூட்டை 70, 80, 90 என்று தேர்ந்தெடுக்கும் கெட்டில்கள் கிரீன் டீ குடிக்கிறவர்களுக்கு நல்லவை. எங்களுக்குத் தேவைப்படவில்லை. பால் மட்டும் எந்த கெட்டிலிலும் காய்ச்சாதீர்கள். அடியில் தீய்ந்து ஒட்டும், கெட்டில் அணைவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழியும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். தினமும் உழைக்கிறது, சுவிட்ச் தவறியதில்லை. ஆனால் அந்தத் துள்ளுகிற மூடிக்கு மாற்று கேட்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது, மூடி தனியாகத் தருவதில்லை, வேண்டுமானால் புது கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இரண்டு வருட வாரண்டி என்று அட்டையில் போட்டிருப்பது தண்ணீரைச் சுடவைக்கும் எலிமென்ட்டுக்கு மட்டுமாம். எந்த கெட்டில் எடுத்தாலும் மூடி, அடித்தட்டு, வலை மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.