ஏற்காடு ஏற எது தோது: தாத்தாவின் பெட்ரோலா, பேத்தியின் பேட்டரியா?

எங்கள் வீட்டில் அடுத்த கார் எது என்ற பேச்சு ஆறு மாதமாக ஓடுகிறது. அப்பாவுக்கு 72 வயது, பெட்ரோல்தான் வேண்டும் என்கிறார். மகளுக்கு 21, இனிமேல் யாராவது பெட்ரோல் கார் வாங்குவார்களா என்று கேட்கிறாள். வீடு சேலம் கோரிமேட்டில், சொந்தக்காரர்கள் ஏற்காட்டில், மாதம் இரண்டு மூன்று முறையாவது மலையேறியே ஆகவேண்டும். அதனால் மைலேஜ் கணக்கெல்லாம் அப்புறம், முதலில் அந்த 20 கொண்டை ஊசி வளைவில் எது சரியாக வரும் என்று பார்க்கலாம் என நண்பரின் டாடா டியாகோ மின்கார் ஒன்றை ஒரு நாள் கேட்டு வாங்கி, மூன்று பேரும் கிளம்பினோம்.

அப்பாவின் பயம் ஏற்றத்தைப் பற்றியது இல்லை, இறக்கத்தைப் பற்றியது. "ஏறுன கியர்லயேதான் எறங்கோணும் கண்ணு, பிரேக்க மட்டும் நம்புனா சூடேறிக் கைய விட்ரும்" என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது வருடம் மலை ரோட்டில் ஓட்டியவர் பேச்சு, அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கியரே இல்லாத வண்டி எப்படிப் பிடித்து நிற்கும் என்பதுதான் அவர் கேள்வி.

நிற்கிறது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தின் வேகத்தை இழுத்துப் பிடித்து, அதை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆட்களோடு ஒன்றரை டன் வரும் காரைச் சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு, அதாவது சுமார் 1,200 மீட்டர் உயரம் தூக்க மட்டுமே ஏறக்குறைய 5 யூனிட் வேண்டும், சக்கர உராய்வும் காற்றும் தின்பது தனி. 24 யூனிட் பேட்டரியில் ஏற்காடு ஒண்டிக்கடை போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, மகள் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் திரும்பி அடிவாரம் வந்தபோது, மேலிருந்து கிளம்பும்போது இருந்ததைவிட சார்ஜ் கூடியிருந்தது. பெட்ரோல் கார் இறங்கும்போது டேங்கில் ஒரு சொட்டு கூடுமா? இந்த மலைக்கு மின்கார்தான் தோது என்று அங்கேயே எனக்குத் தெளிவாகிவிட்டது.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மலைமேல் 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் வருகிற மின்சாரத்தை வாங்க இடம் இருக்காது, இழுத்துப் பிடிக்கும் பலமும் குறைந்துவிடும், அப்போது அப்பா சொன்ன அதே பிரேக் சூடுதான். 80க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் ஹாரன். சத்தமே இல்லாத வண்டி, பனிமூட்டத்தில் எதிரே வருகிறவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் அப்பா ஹாரன் அடிக்கச் சொன்னார், மகள் அடித்தாள்.

செலவில் மகள் பக்கம்தான் நியாயம். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும் கார் சேர்ந்தால் பில் மேல் படிக்குப் போகும், சரி, யூனிட் 10 ரூபாய் என்றே வைப்போம், அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் பக்கம்தான் வருகிறது. லிட்டர் 100 ரூபாய் விற்கும் பெட்ரோலில் டவுனுக்குள் ஆறு ஏழு ரூபாய் ஆகிறது.

சென்னைக்கு? இங்கே நான் அப்பா கட்சி. 340 கிலோமீட்டர் போக வழியில் எப்படியும் சார்ஜ் போட வேண்டும், இதே காரில் போன நண்பர் உளுந்தூர்பேட்டை ரோட்டில் சார்ஜர் வேலை செய்யாமல் இரண்டு மணி நேரம் குடும்பத்தோடு நின்றிருக்கிறார். ஆப்பில் அடுத்ததைத் தேடலாம் என்கிறாள் மகள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ராத்திரியில் ஓடுகிற நாளில் தேட முடியாது.

இன்னும் இருபது வருடத்தில் காரே தன்னை ஓட்டிக்கொள்ளும் என்றும் சொல்கிறாள். நெடுஞ்சாலையில் நடக்கலாம். எதிரே பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு இறங்க, டிரைவர் கையை வெளியே நீட்டி நம்மை நிற்கச் சொல்கிற மலை ரோட்டில் அது சீக்கிரம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மின்கார் வாங்குகிறோம். பழைய பெட்ரோல் காரின் 15 வருடப் பதிவு முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை சென்னைக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார், எர்த் சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு போர்டிகோவில் 15 ஆம்பியர் பிளக் வைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்தத் தூணில் வைப்பது என்று அப்பா நேற்றே சாக்பீஸில் குறித்து வைத்துவிட்டார்.